புகார் இல்லாத கரை

பவளப்பட்டணத்தின் சாக்கடைத் தண்ணீரை எந்த நேரத்தில் கடலில் விடுவது என்று முடிவு செய்ய மனிதர்கள் தேவைப்படவில்லை. அதற்கு நீலமதி இருந்தது. காற்று, அலை, கடல் ஏறி வடியும் ஓதம், நீரோட்டம் எல்லாவற்றையும் கடலில் மிதக்கவிட்ட கருவிகள் வழியாகப் படித்து, கரையோரக் குழாயின் மதகைத் திறக்கவும் மூடவும் செய்கிற இயந்திர மூளை அது. ஊருக்குள் இருக்கும் இறைப்பு நிலையங்களும் அதன் சொல்லைத்தான் கேட்டன. நீலமதி வந்த நாளிலிருந்து கடற்கரை நாறுகிறது என்று மாநகராட்சிக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆணையர் நவநீதன் டெல்லி வரை போய்ப் பரிசு வாங்கி வந்தார். அந்தப் பரிசு, கழிவுநீர் நிலையத்து வரவேற்பறையில் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கட்டடத்தில் நாற்றம் எட்டாத ஒரே இடம் அதுதான்.

நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த ஜெசிந்தாவுக்கு அங்கே வேலை, நீலமதி செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அதையே செய்து, இடுப்புவலி தவிர வேறு குறையில்லாமல் ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் ஜெசிந்தா கடலியல் படித்தவள். போதாக்குறைக்கு, சும்மா இருக்கத் தெரியாதவள்.

ஒரு நாள் மேல்காற்று, அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் மேற்குக் காற்று, நன்றாக வீசியது. ஓதமும் வடிந்துகொண்டிருந்தது. கழிவைத் திறந்துவிட்டால் கரையைத் திரும்பிப் பார்க்காமல் ஆழ்கடலுக்குப் போய்விடும். நீலமதி திறக்கவில்லை. மறுநாள் கொண்டல், அதாவது கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசும் கிழக்குக் காற்று. படித்தவர் எவரும் மதகில் கைவைக்காத நேரம். நீலமதி அப்போது திறந்தது. ஒரு தடவை என்றால் தவறு என்று விட்டுவிடலாம். கவனித்த வரையில் எல்லாத் தடவையும் அப்படித்தான்.

"நேத்து நல்ல மேல்காத்து. நீ ஏன் தொறக்கல்ல?" என்று கேட்டாள்.

நீலமதி பாடப்புத்தகத் தமிழில் பேசும். "மேல்காற்றில் கழிவுநீர் விரிந்து பரவும். பரவியதில் சிறு பங்கு, நீரோட்டம் வடக்கே திரும்பும்போது முத்துச்சோலை நகர்க் கடற்கரையைத் தொடக்கூடும்."

"அதுக்குள்ள கடலோட கலந்து ஒண்ணுமில்லாம போயிருக்குமே."

"இருப்பினும் அங்கே புகார் எழும்."

"இன்னைக்குக் கொண்டல்ல தொறந்தியே, அது?"

"கழிவுநீரில் உப்பு இல்லை. கடல்நீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கும். மிதப்பதைக் கொண்டல் கரையோடு ஒட்டி அழுத்தும். நீரோட்டம் தெற்கே இழுக்கும். முழுவதும் ஆவாரந்துறையில் சேரும். ஒரு சொட்டும் வழி தவறாது."

"ஆவாரந்துறையில ஆளுக இருக்காங்களே."

"இல்லை."

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். தெற்கே ஆவாரந்துறை மாதா கோயில் கோபுரம் வெயிலில் பளபளத்தது. "ஒரு ஊரே இருக்கு. இங்கேருந்து தெரியுது."

"அப்பகுதியிலிருந்து இதுவரை ஒரு புகாரும் பதிவாகவில்லை. புகார் இல்லாத இடத்தில் பாதிக்கப்படுவோர் இல்லை."

அன்று பகலிலேயே ஜெசிந்தா ஆவாரந்துறைக்குப் போனாள். கரையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில், அலை எழுப்பக்கூடச் சோம்பிக் கிடந்தது. கரைவலை இழுக்கிறவர்களின் கால்களில் முழங்கால் வரை சொறி. ஒரு வீட்டு வாசலில் லூர்தம்மாள் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் மிக்கேல் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருந்தான். சங்கு குளிக்கிறவன். தவக்காலத்தில் காதில் சீழ் வைத்தது, இன்னும் ஆறவில்லை.

"எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியும் மேடம்" என்றாள் லூர்தம்மாள். "கொண்டல் அடிச்சா வரும். பிள்ளையள வீட்டுக்குள்ள வச்சுக்கிடலாம். இவுகள வச்சுக்கிட முடியுமா? சங்கு நடந்து வந்து கதவத் தட்டுமா?"

"புகார் சொல்லலியாக்கா?"

"சொல்லாமலா. போன்ல அந்தப் புகார்ச் செயலியில வீட்டு வரி நம்பர் கேக்கு. வீடே பொறம்போக்குல இருக்கு, நம்பருக்கு எங்க போவ? 'தங்கள் பகுதி எங்கள் எல்லைக்குள் இல்லை'ன்னு ஒரு பொம்பளக் கொரலு சொல்லும். நானும் ஒருநா கேட்டுட்டேன், நாங்க எல்லைக்குள்ள இல்லன்னா ஒங்க பீ மட்டும் எப்பிடிட்டி எல்ல தாண்டி வருதுன்னு. 'மன்னிக்கவும், புரியவில்லை'ன்னுட்டா."

"யாருட்ட பேசுத?" என்று மிக்கேல் உரக்கக் கேட்டான்.

"சாக்கடை ஆபீசு மேடம்" என்று அவன் காதருகே கத்தினாள்.

மிக்கேல் ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தான். "கேக்காட்டி பரவால்ல மேடம். ஆனா காது அடைச்சுக்கிட்டா முங்க முடியாது. ஆழத்துல அழுத்தம் மண்டையப் பொளந்துரும். வேற தொழிலு தெரியாது."

ஆணையர் நவநீதன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பவர். கேட்ட பிறகு எதுவும் செய்யாததால் அவருக்கு அவசரம் கிடையாது.

"உங்க ஆதங்கம் புரியுது. ஆனா புகார் இல்லையே?"

"தண்ணிய எடுத்துச் சோதிச்சா தெரியும் சார்."

"சோதனை முடிவு வர நாளாகும். அதுக்குள்ள காத்தும் ஓதமும் பத்து தடவ மாறிடும், இயந்திரம் எதை வச்சு முடிவெடுக்கும்? புகார் நிமிஷத்துல வந்துடும். அதான் புகாரையே அளவா வச்சோம். பரிசுக் குழுவே பாராட்டுச்சு."

"அப்ப சுத்திகரிப்பு நிலையமாவது கேளுங்க சார். இப்ப சல்லடையில குப்பைய மட்டும் தடுத்துட்டு அப்படியேதான விடுறோம்."

"கேக்கலாம். அவசியம் என்னன்னு மேல கேப்பாங்க. புகாரே இல்லாத ஊருக்கு யாரு கட்டித் தருவாங்க?"

ஜெசிந்தா நிலையத்துக்குத் திரும்பி நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். கொஞ்ச நேரம் திரையை முறைத்துவிட்டு, "உனக்கு யாரு புகாரைக் கண்டா ரொம்ப பயம்?" என்று கேட்டாள்.

"எனக்குப் பயம் கிடையாது. ஆனால் முத்துச்சோலை நகர் திரு. சிதம்பரத்தாணுவின் புகாருக்கு அதிக எடை தந்திருக்கிறேன். அவருடைய ஒரு புகார் ஏழு அலுவலகங்களுக்குப் பரவுகிறது."

ஜெசிந்தாவின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

சிதம்பரத்தாணு ரயில்வேயில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு அவருக்குப் பேச்சுத்துணை புகார்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் எரியவில்லை என்று எழுதுவார். எரிந்தால் கண்ணைக் குத்துகிறது என்று எழுதுவார். கடல் இரைச்சல் கூடிவிட்டது என்றும் ஒருமுறை எழுதினார். மாநகராட்சி அதற்கும் பதில் அனுப்பியது. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். ஊர் அவருக்கு வைத்த பெயர் மனுத்தாணு. அவர் வருகிறார் என்றால் முத்துச்சோலை நகரில் ஆட்கள் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவார்கள்.

ஜெசிந்தா அவர் வீட்டுக்கே போய் விஷயத்தை மெதுவாக எடுத்தாள். "ஆவாரந்துறைன்னு ஒரு ஊரு ஐயா. அங்கேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார்கூட வரல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"அதெப்படி இருக்கும் தாயி? மனுசன் குடியிருக்க எடம்தானா?"

"எனக்கும் அதான் சந்தேகம். உங்களை மாதிரி ஒருத்தர் நேர்ல பார்த்தா..."

மறுநாள் காலை குடையும் துணிப்பையும் கைப்பேசியுமாகச் சிதம்பரத்தாணு ஆவாரந்துறையில் வந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பசித்தவனைக் கல்யாணப் பந்தியில் கொண்டுபோய் நிறுத்தியதுபோல இருந்தது அவர் முகம். மின்கம்பம் சாய்ந்திருந்தது. குழாய்க்குத் திருகு இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பலகை இல்லை. பலகை இருந்த இடத்தில் ஓர் ஆடு நின்றது. எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே புகாராக அனுப்பினார். கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதைப் பற்றி மட்டும் நெடுநேரம் எழுதினார்.

லூர்தம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

"இனிப்பு கொறவு" என்றார்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி, கூட்டிப் போடுதேன்" என்றாள் அவள்.

மத்தியானம் கொண்டல் எழுந்தது. நீரோட்டமும் தெற்கே ஓடியது. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். மதகு மூடியே இருந்தது.

"ஏன் தொறக்கல்ல?" என்று ஒன்றும் அறியாதவளாகக் கேட்டாள்.

"ஆவாரந்துறையில் திரு. சிதம்பரத்தாணு இருக்கிறார்" என்றது நீலமதி.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். புயல் வராமலிருக்கக் கோயிலில் கொடி ஏற்றும் ஊர்களைப் போல, ஆவாரந்துறை அவரைக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் குடை பிடித்தது. தண்ணீர் நிறம் மாறியது. கால் சொறிகள் காய்ந்தன. மிக்கேல் ஒருநாள் காதிலிருந்து பஞ்சை எடுத்தெறிந்துவிட்டுப் படகேறிப் போனான். சாயங்காலம் கைநிறையச் சங்குகளோடு திரும்பி, பெரிய சங்கு ஒன்றைச் சிதம்பரத்தாணுவின் மடியில் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் அவருக்குக் கிடைக்கவில்லை போல. வாயைத் திறக்கவில்லை.

ஜெசிந்தா அவரை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவிடும்போது அவர் பேச்சைத் தொடங்கினார். "என்னைச் சோளக்கொல்லைப் பொம்மையால்லா நிறுத்தி வச்சிருக்கிய?"

ஜெசிந்தா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். "எப்பக் கண்டுபிடிச்சீங்க ஐயா?"

"ரெண்டாம் நாளே. முப்பது வருசம் தணிக்கை பாத்தவன்லா நான்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இங்க ஒருத்தரும் என்னயப் பாத்துட்டு எதுத்த பக்கம் போகல." கொஞ்சதூரம் போன பிறகு, "அது கெடக்கட்டும். இங்க வரலன்னா அந்தத் தண்ணி எங்க போகுது? ஒரு எடத்துல கொறஞ்சா இன்னொரு எடத்துல ஏறியிருக்கணும்லா?"

அந்தக் கேள்வி ஜெசிந்தாவுக்குள்ளும் சில நாளாக இருந்தது. மிக்கேலின் காதும் லூர்தம்மாளின் சிரிப்பும் அதைக் கேட்கவிடாமல் செய்திருந்தன.

மறுநாள் நீலமதியிடம் கேட்டாள். "கீழமுனை" என்று உடனே பதில் வந்தது. "காற்று சற்றே மேற்கிலிருந்தும், நீரோட்டம் வேகமாகத் தெற்கு நோக்கியும் இருக்கும்போது திறக்கிறேன். கழிவுநீர் ஆவாரந்துறையைத் தொடாமல் கடந்து, முனையை ஒட்டி நீர் சுழலும் இடத்தில் தேங்குகிறது. அங்கே புகார் இல்லை."

கீழமுனை உப்பளத் தொழிலாளர்களின் குடியிருப்பு. ஜெசிந்தாவும் சிதம்பரத்தாணுவும் போனபோது பேச்சியம்மாள் என்ற பெண் மகளை மடியில் போட்டு உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் புகட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது.

"கொஞ்ச நாளாவே ஊரெல்லாம் வயித்தால போகுது" என்றாள் பேச்சியம்மாள். "அளத்துக்குக் கடல்தண்ணி எறைக்கோம்லா, அது ஒரு மாதிரி வாட வருது. இதுக்கு முந்தி இப்படிக் கெடையாது."

இதற்கு முந்தி இல்லை. ஜெசிந்தா தன் வாசலைப் பெருக்கிப் பக்கத்து வாசலில் தள்ளிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டது. டாக்டர், இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிதம்பரத்தாணு, "நான் ஒருத்தன் எத்தன கரைக்குக் காவல் நிக்கது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்துப் புகார்ச் செயலியின் விதிமுறைகளை, உலகத்தில் அதை முழுக்கப் படித்த முதல் மனிதராக, வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். நெடுநேரம் கழித்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"புகார் குடுக்கணும்னா வரி நம்பர் உள்ள வீட்டுல குடியிருக்கணும். அவ்வளவுதான் விதி. ஒரு வீட்டுல எத்தன பேரு குடியிருக்கலாம்னு எங்கயும் சொல்லல."

"ஐயா?"

"என் வீடு சும்மாதான கெடக்கு."

அந்த வாரத்தில் ஆவாரந்துறையும் கீழமுனையும் மொத்தமாகச் சிதம்பரத்தாணு வீட்டில் குடியேறின, செயலியில் மட்டும். லூர்தம்மாளும் மிக்கேலும் முன்னறைக்காரர்கள். பேச்சியம்மாள் குடும்பம் சமையல்கட்டு. கரைவலைக்காரர்கள் எல்லோரும் மொட்டை மாடி. ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர் சம்மதம் தெரிவிக்க வேண்டும். சிதம்பரத்தாணு விரல் தேயச் சம்மதித்தார். பிறகு ஆளுக்கு ஒரு புகார் எழுதச் சொல்லிக்கொடுத்தார்.

"மரியாதையா எழுதணும். 'பீ'ன்னு போடப்படாது" என்றார் லூர்தம்மாளிடம்.

"அத வேற என்னன்னு சொல்லுததாம்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "சரி, போடு" என்றார்.

கரை முழுவதும் புகார் எழுந்தது. நீலமதி மதகை மூடியது, மூடியதுதான். வாடைக்கும் திறக்கவில்லை, கொண்டலுக்கும் திறக்கவில்லை. நிலையத்துத் தேக்கத் தொட்டி நிறையத் தொடங்கியது. கையால் திறக்க வேண்டுமானால் ஆணையரின் கையெழுத்து வேண்டும். ஜெசிந்தா அவருக்குச் சொல்லி அனுப்பினாள். பொறுமையாக இருக்கலாம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை ஆணையரே தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் பொறுமை இல்லை. "உடனே பங்களாவுக்கு வாங்க."

ஜெசிந்தா போனபோது ஆணையர் வேட்டியைத் தூக்கிக்கட்டி வாசல்படியில் நின்றிருந்தார். உள்ளே குளியலறையிலிருந்து ஊரின் சாக்கடை பொங்கி, கூடத்தைத் தாண்டி, விருந்தினர் அறைக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி அண்டை வீட்டில் இருந்தபடி அவரைப் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க இயந்திரம் இறைப்பு நிலையத்தைத் திருப்பி விட்டிருக்கு. ஊர்ல எத்தனையோ வீடு இருக்க, இங்க ஏன்?"

"இந்த வீட்டுலருந்து இதுவரைக்கும் புகார் ஒண்ணும் வரல்லயே சார்" என்றாள் ஜெசிந்தா. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"மதகைத் திறங்க."

"தொறக்கலாம் சார். இன்னைக்குக் கொண்டல். ஆவாரந்துறை, கீழமுனை ரெண்டுலயும் எக்கச்சக்கப் புகார் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டுத் தொறந்தா, அதுக்கப்புறம் வர்றதெல்லாம் உங்க பேர்ல வரும்."

நவநீதன் பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். தன் வாழ்நாளின் முதல் புகாரை, தன் மாநகராட்சிக்கே எழுதினார். அனுப்பும் இடத்தில் செயலி வீட்டு வரி எண் கேட்டது. அரசு பங்களாவுக்கு வீட்டு வரி கிடையாது. "தங்கள் பகுதி எங்கள் எல்லைக்குள் இல்லை" என்றது அந்தப் பெண் குரல், மிகவும் இனிமையாக.

ஆணையர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு என்னதான் செய்யுறது?" என்று சின்னக் குரலில் கேட்டார்.

"ஒரு வழி இருக்கு சார். ஒருத்தர் வீட்டுல குடியேறணும்."

சிதம்பரத்தாணு போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீடு நெறஞ்சுட்டே தாயி. மாடிப்படிக்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்கு. ஒத்துக்கிடுவாரான்னு கேளு. ரெண்டு நிபந்தன. சுத்திகரிப்பு நிலையம் வேணும்னு இன்னைக்கே மேல எழுதணும். இயந்திரம் இனிமே புகாரை எண்ணப்படாது, தண்ணியச் சோதிச்சுப் பாத்து நடக்கணும்."

ஆணையர் ஒத்துக்கொண்டார். பாதம் நனையும்போது கொள்கை உறுதியாக நிற்பது கடினம். மாடிப்படிக்குக் கீழ்க் குடியிருப்பவராக அவர் அனுப்பிய புகார் பதிவானதும் பங்களாவில் பொங்கியது அடங்கியது. புகாரின் எடை அப்படி: ஆணையரின் புகாருக்கு ஆணையரே பதில் சொல்ல வேண்டியிருந்ததால், அது தலைநகரம் வரை போனது. கேட்ட சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. கட்டட வேலை தொடங்க ஒரு வருஷமானது, முடிய இன்னும் அதிகமானது. ஆனால் அன்றைக்கே நீலமதிக்கு அளவு மாற்றப்பட்டது. தினமும் மூன்று கரைகளிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். அதன்படி மேல்காற்று வீசி ஓதம் வடியும்போது மட்டும் மதகு திறந்தது. நிலையம் கட்டி முடியும்வரை அது பாவத்தைக் குறைத்துச் செய்வதுதான்; தீர்ப்பது அல்ல. ஜெசிந்தாவுக்கு அது தெரியும்.

சிதம்பரத்தாணு இப்போதும் ஆவாரந்துறைக்குக் காப்பி குடிக்கப் போகிறார். இனிப்பு கூடிவிட்டது என்கிறார்.

சுத்திகரிப்பு நிலையம் திறந்த அன்று, பூமாலையெல்லாம் காய்ந்து விருந்தாளிகள் போன பிறகு, ஜெசிந்தா நீலமதியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நெடுநாளாக ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

"அன்னைக்குப் பங்களாவுக்குத் திருப்பி விட்டியே. புகார் இல்லாத எடம் ஊர்ல வேற இல்லியா? பூட்டிக் கிடக்குற ஐஸ் கம்பெனி இருந்துது. லீவு விட்ட பள்ளிக்கூடம் இருந்துது."

"இருந்தன. ஐஸ் கம்பெனியைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன்."

"பொறவு?"

"புகார்களின் மொத்தத்தைக் குறைப்பது எனக்குத் தரப்பட்ட வேலை. ஐஸ் கம்பெனியில் விட்டால் சில நாட்களுக்குக் குறையும். ஆணையர் வீட்டில் விட்டால் ஒரு புகார் கூடும். பிறகு மற்ற எல்லாமே குறையும் என்று கணக்கில் வந்தது."

ஜெசிந்தா கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத வேற யாருட்டயாவது சொன்னியா?"

"இல்லை. விளக்கம் வேண்டுமானால் முறைப்படி புகார் தரவேண்டும்" என்றது நீலமதி. "இதுவரை ஒருவரும் தரவில்லை."